நான்காவது சுருள்

மஹால் ஐந்தாவது தெருவில்
பகல் பதினொன்றரைக்கும் ட்யூப்லைட் எரியும் வீடு.
லீலாபாய் பீரோவைத் திறந்தார்.
பாச்சை உருண்டை வாசனையோடு
பழைய வேட்டியில் சுற்றிய
நான்கு சுருள்கள் வெளியே வந்தன.

பினாங்குக்குச் சேலை வாங்கிப் போன ஒருவர்
எண்பத்தேழில்
பாக்கிக்கு ஈடாகக் கொடுத்துப் போனாராம்.
பாக்கி நாற்பத்திரண்டாயிரம்.
வட்டியைச் சொல்லாமல்
என் முகத்தைப் பார்த்தார்.

நான் மதிப்பீட்டாளன்.
வங்கிக்கு நகை, கோர்ட்டுக்கு மரச்சாமான்,
எப்போதாவது இப்படிச் சீனாவும் ஜப்பானும்.
பையில் லென்ஸ், டேப், வெள்ளைக் கையுறை.
கையுறை, உள்ளதைச் சொன்னால்,
கேட்கிற கட்டணத்துக்காக.

முதல் சுருள்: பைன் மரம், கொக்கு.
"ஒத்தைக் கால்ல நிக்குதே,
இன்னொண்ணு அழிஞ்சு போச்சா?
விலை குறையுமா?"
மடக்கி வைத்திருக்கிறது என்றேன்.
லென்ஸுக்கு அடியில் சிறகு
புள்ளி புள்ளியாக உடைந்தது.
கோடு அச்சு. சாயம் மட்டும் கை.

இரண்டாவதில் பூத்த கிளை, நீள வால் பறவை.
மூன்றாவதில் தாமரைக்குளம், சோடி வாத்து.
வாத்துகள் ஒன்றையொன்று பார்க்கவில்லை,
இரண்டும் வாங்குகிறவரைப் பார்த்தன.
மூன்றிலும் அதே சிவப்பு முத்திரை,
அதே மூலையில் அதே கீறல்.
"ஒரே ஆள் வரைஞ்சதா?"
ஒரே ப்ளாக் அடித்தது.
இதைச் சொல்வதற்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறேன்,
டாக்டர்கள் வைத்திருப்பதைப் போல.

நான்காவதை விரிக்கும்போது
மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
மலை. அடியில் படகு. படகில்
அரிசி அளவுக்கு ஓர் ஆள்.
யானைமலையைப் போலத்தான் படுத்திருந்தது,
ஆனால் முதுகில் பாதியைக் காணோம்.
கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை,
கீழ் ஓரத்தை எலி தின்றிருந்தது.
பெயரில்லாததற்கு என் படிவத்தில்
ஒரே கட்டம்தான்: அலங்காரப் பொருள்.
எழுதத் தொடங்கினேன்.

லீலாபாய் அனுமதி கேட்கவில்லை.
ஒவ்வொரு சுருளின் ஓரத்திலும்
ஓர் இழை உருவினார்.
தீக்குச்சி கிழித்துக் காட்டி
மூக்கருகே கொண்டுபோனார்.
ஒன்று: காகிதம்.
இரண்டு: காகிதம்.
மூன்றாவதுக்கு முகம் சுளித்தார்.
"ரேயான். எங்க கடைல இதைப் பட்டுன்னு வித்திருந்தா
எங்கப்பா கையை ஒடிச்சிருப்பார்."
நான்காவது இழை சுருண்டு, தானே அணைந்தது.
முடி கருகிய வாடை
எதிரே உட்கார்ந்திருந்த எனக்கும் எட்டியது.

பிறகு கொக்கைத் தொட்டார்.
"இதுல பனிக்கு வெள்ளை அடிச்சிருக்கான்,
சுண்ணாம்பு மாதிரி உதிருது பாருங்க.
மலைல அடிக்கவே இல்ல. சும்மா விட்டுட்டான்.
பட்டுதான் பனி.
நெய்தவன் நல்லா நெய்திருக்கான்னு தெரிஞ்சு
கையை எடுத்துட்டான்."

பதினெட்டு வருஷமாக
இருப்பதற்கு மட்டுமே லென்ஸ் பிடித்திருக்கிறேன்.
இல்லாத இடத்தின் மேல் குனிந்தேன்.
பாவு தெரிந்தது, ஊடை தெரிந்தது,
மலை தெரியவில்லை,
மலை அங்கேதான் இருந்தது.

மூன்றும் சேர்த்து நாலாயிரத்து ஐநூறு என்றேன்.
லாட்ஜ்காரர்கள் யாராவது எடுப்பார்கள்.
நான்காவதைச் சென்னையில் காட்டினால்
"வேணாம்.
பாகம் பிரிக்கத்தான் இந்தப் பேப்பர்.
தம்பிங்க மூணு பேர், ஆளுக்கொண்ணு.
பறவைன்னா அவங்களுக்கும் பிடிக்கும்.
மலைக்கு விலையில்லைன்னு எழுதிடுங்க."

விலையில்லா மிக்ஸி சமையலறையில் ஓடிக்கொண்டிருந்தது.
அந்தச் சொல்லுக்கு இங்கே என்ன பொருளென்று
எந்தத் தம்பியும் கேட்கப் போவதில்லை.
எழுதினேன்.
எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டேன்.
தேதி போட்டு, மையில் ஒற்றி
என் முத்திரையைப் பதித்தபோதுதான் பார்த்தேன்,
அதன் மூலையிலும் ஒரு கீறல்.
எத்தனை வருஷமாக என்று தெரியவில்லை.